தீவைப் பயிர் செய்யும் பறவை

கிடைத்தற்கரிய ஒன்றைக் கண்டுவிட்டால் "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு நாமும் சொல்லுகிறோம். ஆனால் அத்தி பூக்காத மரம் அன்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. பூவைப் புறத்தே காட்டாமல் காய்க்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்த ஒளிந்த பூவையும் அதிலிருந்து திரண்ட கனியையும் நம்பி ஒரு பறவை வாழ்கிறது. அந்தப் பறவையை நம்பி ஒரு தீவின் காடு வாழ்கிறது. அது நம் நாட்டுத் தீவு. ஆயினும் நம்மில் பலர் அதன் பெயரைக் கேட்டதில்லை. நார்கொண்டம் என்னும் அத்தீவில் வாழும் இருவாட்சிப் பறவை எதை உண்கிறது, எப்படி உண்கிறது, அது உண்பதால் விளைவது யாது என்பவற்றைச் சங்க மலரின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் பறவையும்

வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தமான் கடலில் தனித்து எழுந்து நிற்கிறது நார்கொண்டம். நெடுங்காலமாக உறங்கிக் கிடக்கும் எரிமலையின் உச்சிதான் அது. பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 710 மீட்டர். காலையில் புறப்பட்டு வேகமாக நடப்பவன் நல்ல பாதை இருந்தால் மாலைக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய அளவே. ஆனால் நல்ல பாதை இல்லை. கரையிலிருந்தே செங்குத்தாக ஏறும் காடுதான் இருக்கிறது. "நரக குண்டம்" என்னும் வடசொல்லே திரிந்து நார்கொண்டம் ஆயிற்று என்று கூறுவோர் உண்டு. பெயர் நரகமாயினும் பறவைக்கு அது சொர்க்கம்.

இப்பறவையை அறிவியல் உலகுக்கு 1873ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்! அரசியலில் அவரை அறிந்த நாம் பறவையியலில் அவர் எத்துணைப் பெரியவர் என்பதை அறிந்தோமில்லை.

இருவாட்சி இனத்தில் இது சிறியது. நீளம் இரண்டடிக்குச் சற்று மேல். எடை முக்கால் கிலோவுக்குள் அடங்கும். ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு; பெண்ணுக்கு அவையும் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெண்மை. நம் ஆனைமலையில் காணும் பெரிய இருவாட்சிக்கு அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்தாற்போலப் பெரிய புடைப்பு இருக்கும். 'இருவாய்' என்னும் பெயர் அதனால் வந்ததே. நார்கொண்டத்துப் பறவைக்கு அப்புடைப்பு தாழ்ந்து, சில வரிப்பள்ளங்களோடு அமைந்திருக்கிறது. உலகில் வேறெங்கும் இப்பறவை இனம் பெருகி வாழ்வதில்லை. அதன் ஊர், நாடு, உலகம் யாவும் அந்த ஆறே முக்கால் சதுர கிலோமீட்டர்தான்.

அத்தீவுக்கு அனுமதியின்றி யாரும் செல்ல இயலாது, நானும் சென்றதில்லை. 1972இல் அங்குச் சென்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் ஆராய்ந்த எஸ். ஏ. உசேன், பின்னர்க் கோவை சாலிம் அலி பறவையியல் மையத்திலிருந்து சென்ற இரவி சங்கரன், வால்பாறையில் மழைக்காட்டு மீட்புப் பணி செய்துவரும் டி. ஆர். சங்கர் ராமன், திவ்யா முத்தப்பா முதலியோர், 2019-20 குளிர்காலத்தில் தங்கி ஆராய்ந்த ரோகித் நானிவடேகர் குழுவினர் ஆகியோரின் உழைப்பால் நாம் அறிந்தவையே ஈண்டுக் கூறப்படுகின்றன.

குறடு போன்ற அலகு, குட்டையான நாக்கு

கொச்சியில் படிக்கும் நமக்கு இருவாட்சி அயலார் அன்று. மலையாளத்தில் அதனை 'வேழாம்பல்' என்பர். பெரிய இருவாட்சியாகிய 'மலமுழக்கி வேழாம்பல்' கேரளத்தின் மாநிலப் பறவை. வேழாம்பல் வாய் திறந்து மழைத்துளிக்காகத் தவமிருக்கும் என்பது மலையாள நாட்டு நம்பிக்கை. அழகிய கற்பனைதான், உண்மை வேறு. இருவாட்சி நீர் அருந்துவதே அரிது. அதற்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி கனிச்சாற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அது காத்திருப்பது மழைக்காக அன்று, பழத்திற்காக!

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் வாழச்சால் காட்டுக்குச் சென்றபோது, மலபார் சாம்பல் இருவாட்சி ஒன்று அத்திக் கிளையில் அமர்ந்து உண்பதைத் தொலைநோக்கி வழியே கால் மணி நேரம் காண முடிந்தது. பழத்தை அலகு நுனியால் கிள்ளி எடுத்தது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சட்டென்று பழத்தை மேலே சுண்டிவிட்டது. வாயைப் பிளந்து நேரே தொண்டைக்குள் விழச் செய்தது. ஒரு பழமும் தவறவில்லை. உடன் வந்த மலையாள நண்பர், "இதை நம் கிரிக்கெட் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார்.

இந்தச் சுண்டுவித்தைக்குக் காரணம் என்ன? அலகு நீளம், நாக்கோ குட்டை. கிளி தன் தடித்த நாக்கால் பழத்தைப் புரட்டி உள்ளே தள்ளும். இருவாட்சியின் நாக்கு அலகு நுனிவரை எட்டாது. எனவே நுனியில் பற்றிய பொருளைத் தொண்டைக்குக் கொண்டுசேர்க்க எறிந்து பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலகைக் கையாகவும் குறடாகவும் அது பயன்படுத்துகிறது. கனமான அலகைத் தாங்கி ஓயாமல் தலையை வீசுவதற்கு ஏற்பக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளும் ஒன்றாக இணைந்துள்ளன. பறவைகளுள் இவ்வமைப்பு இருவாட்சிக்கே சிறப்பாக உரியது.

இன்னொரு வசதியும் உண்டு. இருவாட்சி தான் விழுங்கியதை உடனே இரைப்பைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதில்லை. விரியத்தக்க உணவுக்குழலில் பல பழங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பறக்கும். வேண்டும்போது ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவரும். கடைக்குப் போகிறவர் பை கொண்டுபோவதுபோல, அது தன் கழுத்தையே பையாக்கிக்கொள்கிறது. இந்தப் பையின் அருமை கூட்டுக் காலத்தில்தான் தெரியும்.

அத்தியின் கணக்கு

நார்கொண்டத்து இருவாட்சி பலவகைக் கனிகளை உண்ணும். பூச்சிகளையும் சிறு ஊர்வனவற்றையும்கூட இடையிடையே பிடித்துத் தின்னும். ஆயினும் அதன் உணவில் தலைமை இடம் அத்தி இனத்துக்கே. அத்தி இனம் என்னும்போது நம் ஊர் நாட்டத்தி மட்டுமன்று. ஆல், அரசு, இச்சி, கல்லிச்சி எல்லாம் அந்த ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. தீவிலே அத்தி மரங்கள் மிகுதி. ஒரு பெருமரம் பழுத்துவிட்டால் இருவாட்சிகள் நாலா பக்கமிருந்தும் திரண்டு வந்துவிடுகின்றன. பறக்கும்போது இறக்கை எழுப்பும் 'உஷ், உஷ்' என்னும் பேரொலி காட்டையே நிறைக்கும். இறக்கையின் அடிப்புறத்தில் மற்றப் பறவைகளுக்கு உள்ள மூடுசிறகுகள் இருவாட்சிக்கு இல்லை. காற்று இடைவெளிகளில் புகுந்து வருவதால் அவ்வொலி எழுகிறது.

மா பழுப்பது கோடையில். பலா பழுப்பதும் ஏறத்தாழ அப்போதுதான். அத்தி மட்டும் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு மரத்தில் பழுத்துக்கொண்டே இருக்கும். ஏன்? விடை மரத்திடம் இல்லை. ஒரு சிறு குளவியிடம் இருக்கிறது.

அத்திக்காய் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு மூடிய பூங்கொத்து. அதன் நுனியில் ஊசித்துளை போன்ற ஒரு வாயில். எள்ளினும் சிறிய பெண் குளவி ஒன்று மகரந்தத்தோடு அத்துளையில் நெருக்கி நுழைகிறது. நுழையும்போதே சிறகு ஒடிந்துவிடும். உள்ளிருக்கும் பூக்களில் சிலவற்றில் முட்டையிடுகிறது, மற்றவற்றுக்கு மகரந்தம் சேர்க்கிறது, அங்கேயே மடிகிறது. சில வாரங்களில் அதன் மக்கள் பிறக்கின்றன. சிறகற்ற ஆண் குளவிகள் பெண் குளவிகளோடு கூடி, வெளியேற வழியும் குடைந்துவிட்டு உள்ளேயே இறக்கின்றன. பெண் குளவிகள் மகரந்தம் சுமந்து வெளியே பறக்கின்றன. அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே புழுவும் பூச்சியும் என்று பழமொழி ஏளனம் செய்கிறதன்றோ? அந்தப் பூச்சியில்லையேல் அத்தியே இல்லை!

வெளியேறிய பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் அதே வகையைச் சேர்ந்த, பூக்கும் நிலையிலுள்ள வேறொரு மரத்தை அது கண்டாக வேண்டும். எல்லா மரங்களும் ஒரே மாதத்தில் பூத்து ஓய்ந்துவிட்டால் குளவிக் குலம் அடியோடு அழிந்துவிடும். அடுத்த ஆண்டு அத்திக்கு மகரந்தம் சேர்க்க யாரும் இரார். ஆகவே மரங்கள் முறை வைத்துப் பூக்கின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்குகிறது. குளவிக்காக ஏற்பட்ட இந்த முறைவைப்பினால் பறவைக்குப் பன்னிரண்டு மாதமும் பந்தி கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு நடக்க ஒன்றிரண்டு மரங்கள் போதா; ஒவ்வொரு வகையிலும் பல மரங்கள் வேண்டும். ஆறே முக்கால் சதுர கிலோமீட்டரில் பத்து அத்தி மரத்தை வெட்டினால் பத்து மரம் மட்டுமா போகிறது? அந்த முறைவைப்பில் ஓர் ஓட்டை விழுகிறது. எந்த வாரத்தில் எந்த மரமும் பழுக்கவில்லையோ அந்த வாரம் பறவைக்குப் பஞ்சம். பெரிய காட்டிலுள்ள இருவாட்சி பஞ்சம் வந்தால் பல மைல் கடந்து வேறு காட்டுக்குப் போய்விடும். நார்கொண்டத்துப் பறவை எங்கே போகும்? சுற்றிலும் கடல்.

சிறையிருக்கும் தாய்

பிப்ரவரி முதல் மே வரை அங்குக் கூட்டுக் காலம். பெண் பறவை முதிர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுச் சக்கையையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையுமளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடுகிறது. உள்ளே ஓரிரு முட்டை இடுகிறது. பறப்பதற்குரிய சிறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. இனிப் பல வாரங்களுக்கு அதற்கும் பின்னர்ப் பிறக்கும் குஞ்சுக்கும் உலகத்தோடு உள்ள தொடர்பு ஆண் பறவையின் அலகு ஒன்றே.

ஆண் பறவையின் வேலை இப்போது தொடங்குகிறது. விடியலில் புறப்படுகிறது, பழுத்த மரத்தை நாடுகிறது, முன்சொன்ன கழுத்துப் பையை நிரப்புகிறது, கூட்டுக்கு வந்து மரத்தைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு பழமாக எதிரெடுத்துக் கீற்றின் வழியே ஊட்டுகிறது. ஒரு பழத்துக்கு ஒரு பயணம் என்றால் அது பறந்தே மாண்டுபோகும். ஒரு பயணத்தில் ஒரு பந்திக்குரிய பழம் கொண்டுவருவதால்தான் குடும்பம் பிழைக்கிறது. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். பழத்தில் அது குறைவு. ஆதலால் இருவாட்சிகள் இக்காலத்தில் பூச்சி, பல்லி போன்றவற்றையும் தேடிக் கொண்டுவருகின்றன. முட்டை ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தோ, மற்றக் காட்டுப் பழங்களைவிட அத்தியில் மிகுதி.

இங்கே ஓர் எளிய கணக்கைக் கவனியுங்கள். ஓர் ஆண் இருவாட்சியைச் சுட்டால் இறப்பது ஒன்றா? கூட்டுக் காலமாயின் உள்ளே சிறகில்லாமல் காத்திருக்கும் தாயும் குஞ்சும் உடன் இறக்கும்.

பத்திரி யாருக்கு?

பறவை பழம் உண்பதில் பறவைக்கு இலாபம். மரத்துக்கு என்ன இலாபம்? இதற்கு விடை காண நாம் தீவுக்குப் போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவே போதும்.

நான் தங்கியிருப்பது கொச்சங்காடியில், மாமா வீட்டில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பிழைக்க வந்தவர் அவர். மட்டாஞ்சேரியில் ஒரு நறுமணப் பொருள் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறார். ('பாண்டிகசாலை' என்பர் இங்கே. 'அங்காடி' என்னும் நம் பழந்தமிழ்ச் சொல்லும் இவ்வூர்ப் பெயரில் இன்றும் வாழ்கிறது.) ஜாதிக்காய்ப் பருவத்தில் அவர் சட்டையிலேயே அந்த மணம் வீசும். ஒருநாள் அவரிடம், "மாமா, கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஜாதிபத்திரி இருக்கிறதே, மரம் அதை எதற்காக உண்டாக்குகிறது?" என்று கேட்டேன். "கிலோவுக்கு நல்ல விலை போகுதே மருமகனே, நாம விக்கத்தான்" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் விடை உண்மைக்கு மிகத் தொலைவில் இல்லை. பத்திரி விலைதான், ஆனால் நமக்குக் கொடுத்த விலையன்று, பறவைக்குக் கொடுத்த கூலி!

ஜாதிக்காய் இனத்துப் பழம் முதிர்ந்து வெடிக்கும்போது கருங்கொட்டையைச் சுற்றிய சிவப்புப் பத்திரி பளிச்சென்று தெரியும். அதில் கொழுப்பு மிகுதி. ஆனைமலைக் காட்டில் காட்டு ஜாதிக்காயைப் பெரிய இருவாட்சி கொட்டையோடு விழுங்குகிறது. பத்திரி வயிற்றில் உரிந்து செரித்துவிடும்; கொட்டையோ கெடாமல் வெளியே கக்கப்படும். அதற்குள் பறவை தாய்மரத்தைவிட்டு வெகுதூரம் வந்திருக்கும். தாய்மர நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் விதைகளைப் பூச்சியும் எலியும் அழிக்கும். தப்பியவற்றுக்கும் வெயில் கிடையாது. தொலைவில் விழுந்த விதைக்கே வாழ்வு. காலில்லாத மரம் பறவையின் சிறகைக் கூலிக்கு அமர்த்திக்கொள்கிறது, பத்திரியே அக்கூலி.

1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட ஒல்லாந்தர் இதனை அனுபவித்து அறிந்தவர்கள். பாண்டாத் தீவுகளைத் தவிர வேறெங்கும் ஜாதிக்காய் மரம் நிற்கலாகாது என்று மற்றத் தீவுகளில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டி வீழ்த்தினார்கள். விலை தம் கையில் இருக்க வேண்டும் என்னும் வணிக ஆசை! ஆனால் பழம் விழுங்கும் பெரும்புறாக்கள் எந்தக் கம்பெனியின் கட்டளைக்கும் கீழ்ப்படிவதில்லை. தின்ற கொட்டையைத் தம் விருப்பம்போல் கடல் கடந்தும் கொண்டுபோய் இட்டன.

விதைக்கும் வேலை

நார்கொண்டத்திலும் நடப்பது இதுவே. அத்தியின் விதை கடுகினும் சிறியது. எச்சத்தோடு வெளியேறி மரக்கிளையின் பிளவில் விழுந்தாலும் முளைத்துவிடும். பெருங்கொட்டையுடைய பழங்களை இருவாட்சி விழுங்கிச் சதையை உண்டு கொட்டையைக் கக்கிவிடும். கூட்டு மரத்தின் அடியில் பார்த்தால் அந்தப் பருவத்தில் குடும்பம் உண்டது அனைத்தும் விதையாகக் கொட்டிக் கிடக்கும், நாற்றும் முளைத்திருக்கும். இருவாட்சி எதை உண்கிறது என்று ஆராய்வோர் அக்குப்பையைத்தான் முதலில் கிளறுகிறார்கள். வீட்டு வரவுசெலவை அறியக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல.

பெருநிலத்துக் காட்டில் இவ்வேலையைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சின்னான், குக்குறுவான், குரங்கு, மரநாய் என்று கூலியாட்கள் ஏராளம். நார்கொண்டத்தில் சின்னானும் இல்லை, குக்குறுவானும் இல்லை, குரங்கும் இல்லை, மரநாயும் இல்லை. குயிலும் பெரும்புறாவும் மலைமைனாவும் போன்ற சில பறவைகளே உண்டு. நானிவடேகர் குழுவினர் தீவின் மரங்களையும் அவற்றின் கனிகளை உண்ணும் பறவைகளையும் வரிசைப்படுத்தி, அருணாசலப் பிரதேசத்துப் பக்கே காட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அவ்வாய்வின் முடிவு இதுதான்: கனி உண்ணும் பறவைகளில் எண்ணிக்கையிலும் தொண்டிலும் இருவாட்சியே நடுநாயகம், மரங்களில் அத்தியே நடுநாயகம். பெருநிலத்தைவிடத் தீவிலே இந்தப் பொறுப்பு ஒரு சிலரின் தோளில் மிகுதியாகச் சுமத்தப்பட்டிருக்கிறது.

அப்பறவை இல்லாமற்போனால் என்ன ஆகும்? இது வெறும் ஊகக் கேள்வியன்று. பசிபிக் கடலில் குவாம் என்னும் தீவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்பின் கப்பல் சரக்கோடு வந்து சேர்ந்த ஒருவகை மரப்பாம்பு, அத்தீவின் பன்னிரண்டு காட்டுப் பறவை இனங்களில் பத்தை ஒழித்துவிட்டது. மரங்களைப் பாம்பு தொடவில்லை. ஆயினும் விதை சுமக்க ஆளின்றிப் பழங்கள் அடிமரத்திலேயே விழுந்து அழுகின. இரண்டு மரவகைகளை எடுத்து ஆராய்ந்ததில், புதுக் கன்று தோன்றுவது 61 முதல் 92 விழுக்காடு வரை குறைந்துவிட்டதென 2017இல் அறிவித்தார்கள். பறவை போன இருபது முப்பது ஆண்டுகள்வரை காடு பசுமையாகவே தோன்றும். கிழமரங்கள் ஒவ்வொன்றாய் விழும்போதுதான் பின்னால் வர இளமரம் இல்லை என்பது புலப்படும்.

ஆடும் கோடரியும்

நார்கொண்டத்தில் 1969இல் காவல்துறைச் சாவடி ஒன்று அமைக்கப்பட்டது. எல்லையோரத் தீவாதலால் அது தேவையே. பர்மாவோடு கடல் எல்லை உடன்பாடு ஏற்பட்டதே 1986இல்தான். சாவடியில் இருந்தோருக்கு விறகு வேண்டியிருந்தது, மரம் வெட்டினர். வாழையும் தென்னையும் வைக்க ஒருபகுதிக் காடு திருத்தப்பட்டது. 1976இல் உணவுக்காக ஆடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. ஆடு காட்டில் பெருகியது.

ஆடு பறவையைத் தின்னாது. முதிர்ந்த மரத்தையும் தின்னாது. அது தின்பது முளையை. இருவாட்சி ஊர் ஊராய்ச் சுமந்து இட்ட விதை முளைத்து நான்கு இலை விட்டதும் ஆட்டின் வாய்க்குள் போயிற்று. நூறு பறவை நாள் முழுதும் விதைத்ததைப் பத்து ஆடு ஒரு காலையில் மேய்ந்துவிடக்கூடும். பறவையின் வாய் நட்டதை ஆட்டின் வாய் அழித்தது. இதனை ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக் கூறியபின் ஆடுகளை அகற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 1977இலேயே தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இப்பறவைக்கு இடமுண்டு.

அடுத்து வந்தது வேறொரு வழக்கு. அத்தீவில் ரேடார் நிலையமும் அதற்கு மின்சாரம் தரும் எந்திரமும் அமைக்கக் கடலோரக் காவற்படை விரும்பியது. 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெயந்தி நடராசன், பறவையின் வாழ்வை எண்ணி அனுமதி மறுத்தார். 2014இல் புதிய அரசு அனுமதி அளித்தது. நாட்டுக்குக் காவல் வேண்டாமென்று யாரும் சொல்லார். ஆனால் காவலுக்கு இடம் தேடும்போது வேறு இடங்களும் வேறு வழிகளும் உண்டு. இருவாட்சிக்கு வேறு தீவு உண்டா என்பதே கேள்வி.

மிகுதியிலும் அபாயம்

இப்போது அங்கே எத்தனை பறவைகள் உள்ளன? பழைய கணிப்புகள் சில நூறு என்றன. 2019-20இல் நடந்த ஆய்வு ஏறத்தாழ ஆயிரம் என்கிறது. சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது! உலகில் இருவாட்சிகளுக்குப் பதிவான மிக உயர்ந்த அடர்த்திகளுள் இதுவும் ஒன்று. உணவு மிகுதி, போட்டியும் பகையும் குறைவு. நல்ல செய்திதான்.

"ஆயிரம் இருக்கிறதே, இனி என்ன கவலை?" என்று நண்பர் சிலர் கேட்கலாம். ஆயிரம் ரூபாயை ஒரே பையில் வைத்திருப்பவனையும், நூறு நூறாகப் பத்து இடத்தில் வைத்திருப்பவனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பை தொலைந்தால் முன்னவனுக்கு எல்லாம் போயிற்று. இதே அந்தமான் நிக்கோபார்க் கூட்டத்தில் நடந்ததொன்றைச் சொல்கிறேன். கடற்கரை மணலில் இலைதழைகளைக் குவித்து மேடு கட்டி அதில் முட்டையிடும் நிக்கோபார் மேட்டுக்கோழியைத் தமிழரான கே. சிவகுமார் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப்பின் அவர் மீண்டும் சென்று கணக்கெடுத்தபோது, பத்தாண்டுக்கு முன் இருந்ததில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இல்லை. மேட்டுக்கோழியாவது பல தீவுகளில் பரவியிருந்ததால் மிச்சம் இருந்தது. நார்கொண்டத்து இருவாட்சிக்கு இரண்டாவது தீவு இல்லை. ஒரு பெரும்புயலோ, கோழியோடு வந்து சேரும் ஒரு நோயோ, கப்பலிலிருந்து இறங்கும் ஒரு பாம்போ போதும்.

நாம் செய்யக்கூடியது

தொலைவிலுள்ள தீவுக்குக் கொச்சியில் படிக்கும் தமிழ் மாணவன் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். முதலில் ஒரு செய்தி. வாழச்சால் காட்டில் வாழும் காடர் மக்கள் ஒருகாலத்தில் இருவாட்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து உண்டவர்கள். அவர்களே இன்று கூட்டு மரங்களைக் கணக்கெடுத்துக் காவல் புரிகிறார்கள். பறவையின் வழக்கத்தை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. அந்த அறிவே காவலாக மாறியது. அறிந்தவனே காக்கிறான்.

அறிவது நம் முற்றத்திலேயே தொடங்கலாம். நம் பல்கலைக்கழக வளாகத்திலும் விடுதிப் பக்கத்திலும் ஆலும் அரசும் இச்சியும் நிற்கின்றன. எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது? எந்தப் பறவை வந்து உண்கிறது? பழுத்த மரத்தடியில் நாற்று உண்டா, தொலைவிலே மதில் வெடிப்பில் உண்டா? சங்க உறுப்பினர் பத்துப்பேர் ஆளுக்கு ஒரு மரத்தை ஏற்றுக்கொண்டு, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதினால், ஓராண்டில் நம்மிடம் ஒரு சிறு ஆராய்ச்சியே இருக்கும். இதற்குக் கருவி வேண்டாம். விலங்கியல் பட்டமும் வேண்டாம். வரலாறு படிப்பவரும் பொறியியல் படிப்பவரும் செய்யலாம். கட்டடம் கட்டவென்று ஒரு மரத்தைக் குறிவைக்கும் நாளில், "இது மார்ச்சில் பழுக்கும், அப்போது வளாகத்தில் வேறு எந்த மரத்திலும் பழமில்லை" என்று ஆதாரத்தோடு சொல்ல நமக்கு அது உதவும். வெறும் உணர்ச்சியால் சொல்வதினும் அச்சொல்லுக்கு வலிமை அதிகம்.

உண்பது தன் வயிற்றுக்காக என்று எண்ணுகிறோம். நார்கொண்டத்து இருவாட்சியும் தன் வயிற்றுக்காகவே உண்கிறது; அதற்குத் தொண்டு தெரியாது, தியாகம் தெரியாது. ஆயினும் அது உண்ட மிச்சத்தில் ஒரு காடு முளைக்கிறது. அந்தக் காட்டில் அதன் பேரக்குஞ்சுகளுக்கு உணவு பழுக்கிறது. நாம் உண்ட மிச்சத்தில் என்ன முளைக்கிறது என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.